வலையமைப்பு அடைவுக் குழுக்களில் புதிய கணினிகளைத் தானியக்கமாகச் சேர்த்தல்: பழவேற்காட்டுப் பாடு முறையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கல்லூரி, பல்கலைக்கழகம், அரசு அலுவலகம் முதலிய நிறுவனங்களின் கணினிகள் ஒரு வலையமைப்பு அடைவில் பதியப்பெற்று, குழுக்களாகப் பகுக்கப்படுகின்றன. புதிதாக இயங்குதளம் ஏற்றப்பெற்ற கணினியை ஆள் தலையீடின்றி உரிய குழுவில் சேர்க்கும் வழிமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. தானியக்கத்தின் மையச் சிக்கல் வேலையைச் சுருக்குவதன்று. எந்தச் சான்றை நம்பி உறுப்புரிமை வழங்கப்படுகிறது என்பதே அது. இதனைத் தெளிவுறுத்தப் பொன்னேரி வட்டத்துப் பழவேற்காடு ஏரி மீனவர்களின் பாடு முறை ஒப்புமையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அடைவு, குழு, கணினிக் கணக்கு, ஆக்டிவ் டைரக்டரி, தானியக்கம், பாடு, தலைக்கட்டு, உறுப்புரிமை.

1. முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தின் கிழக்கெல்லையில் பழவேற்காடு ஏரி அமைந்துள்ளது. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரவியுள்ள இவ்வேரி, இந்தியாவில் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயலாகும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகளில் இறால் வரத்து மிகுதி. ஆயினும் நீரோட்டத்தில் வலையை நிறுத்திப் பிடிக்கும் தொழிலுக்கு ஏற்ற இடங்கள் சிலவே. இடம் சிறிது, உரிமை கோருவோர் பலர் என்னும் இந்நிலையைச் சமாளிக்க மரபுவழி மீனவ ஊர்கள் கைக்கொண்ட ஏற்பாடே பாடு முறை. எந்த நாளில் எந்த ஊரார், அவ்வூரில் எவர் எந்த இடத்தில் வலையிடலாம் என்பது முறை வைத்தும் சீட்டுப் போட்டும் வரையறுக்கப்படுகிறது. இம்முறையில் பங்குபெற ஊரின் உறுப்பினர் கணக்கில் ஒருவர் பெயர் ஏறியிருக்க வேண்டும்.

ஆகவே, பாடு முறையின் உயிர்நிலை வலையிலோ படகிலோ இல்லை; பெயர்ப்பட்டியலில் உள்ளது. யார் பட்டியலில் சேர்கிறார், எச்சான்றின்பேரில் சேர்கிறார், எப்போது நீங்குகிறார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை இருக்கும்வரை முறை நிலைக்கும். இதே மூன்று வினாக்கள் இன்றைய நிறுவனங்களின் கணினி வலையமைப்பிலும் எழுகின்றன. அவற்றிற்குக் கணினித் துறை கண்டுள்ள விடைகளையும் அவ்விடைகளின் குறைகளையும் தமிழ் ஆய்வுலகிற்கு எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. ‘அடைவு’ என்னும் கலைச்சொல்

வலையமைப்பில் உள்ள பயனர், கணினி, அச்சுப்பொறி முதலியவற்றின் விவரங்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் தரவகத்தை ஆங்கிலத்தில் டைரக்டரி என்பர். தமிழில் கோப்பகம், அடைவு என்னும் இரு சொற்கள் இதற்கு வழங்குகின்றன. கோப்பகம் என்பது ஒரே கணினிக்குள் கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடத்தையே பெரிதும் நினைவூட்டுகிறது. சொல்லடைவு, பொருளடைவு என்னும் ஆட்சிகளால் தமிழாய்வாளர்க்குப் பழக்கமான ‘அடைவு’ இங்கு மேலும் பொருத்தமானது. சொல்லடைவு ஒரு நூலின் சொற்கள் ஒவ்வொன்றும் எங்கெங்கு வருகின்றன என்று காட்டுவதுபோல, வலையமைப்பு அடைவு ஒரு நிறுவனத்தின் கணினிகள் ஒவ்வொன்றும் எவை, எங்குள்ளன, எவற்றிற்கு உரிமை உடையன என்று காட்டுகிறது. இக்கட்டுரையில் இச்சொல்லே ஆளப்படுகிறது.

வலையமைப்பு அடைவுக்கான முதல் விரிவான தரநிலையாகிய எக்ஸ்.500 1988இல் வெளியானது. அதனை எளிமைப்படுத்தி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட எல்டேப் நெறிமுறை 1993இல் ஆவணமானது; அதன் மூன்றாம் பதிப்பு 1997இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 வழங்கியுடன் ஆக்டிவ் டைரக்டரி என்னும் அடைவை வெளியிட்டது. லினக்ஸ் சூழலில் ஃப்ரீஐபிஏ போன்ற திறமூல அடைவுகள் பயன்படுகின்றன.

3. குழுவின் தேவையும் இருவகைக் குழுக்களும்

ஒரு கல்லூரியில் 60 கணினிகள் கொண்ட ஆய்வகம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தமிழ்99 விசைப்பலகை மென்பொருளை அவை அனைத்திற்கும் வழங்க வேண்டின், ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே ஆணையிடுவது வீண்வேலை. ‘மொழி ஆய்வகக் கணினிகள்’ என ஒரு குழுவை அடைவில் உருவாக்கி, அக்குழுவிற்கு ஆணை ஒன்றை இணைத்தால் போதும். குழுவில் உள்ள கணினி அதனைப் பெறும். இல்லாத கணினி பெறாது.

குழுக்கள் செயலால் இருவகைப்படும். மென்பொருள், அச்சுப்பொறி, பொதுக்கோப்பு முதலியவற்றைத் தருவது வழங்கும் குழு. தேர்வு நடைபெறும் அறையின் கணினிகளில் பென்டிரைவ் இயங்காமல் தடுப்பது, பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைக் கட்டாயமாக்குவது போன்றவற்றைச் செய்வது கட்டுப்படுத்தும் குழு. இவ்வேறுபாடு தானியக்கத்தின் தேவையை நன்கு புலப்படுத்துகிறது. வழங்கும் குழுவில் ஒரு கணினி விடுபட்டால் அதனைப் பயன்படுத்துவோர் உடனே முறையிடுவர். பிழை அன்றே திருந்தும். கட்டுப்படுத்தும் குழுவில் விடுபட்டால் முறையிடுவார் எவருமில்லை. தடை இல்லாத கணினி பயன்படுத்துவோர்க்கு வசதியாகவே தோன்றும். அப்பிழை மாதக்கணக்கில் மறைந்து கிடந்து, ஏதேனும் தீங்கு நேர்ந்த பின்னரே வெளிப்படும். எனவே கையால் சேர்க்கும் முறையின் உண்மையான கேடு கால விரயம் அன்று. ஓசையற்ற மறதி ஆகும்.

4. புதிய கணினி அடைவில் ஏறும் முறை

புதிய கணினியோ இயங்குதளம் மீண்டும் ஏற்றப்பெற்ற பழைய கணினியோ ஆக்டிவ் டைரக்டரிக் களத்தில் இணையும்போது, அதற்கென அடைவில் ஒரு கணினிக் கணக்குத் தேவைப்படுகிறது. பயனரைப் போலவே கணினிக்கும் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. கணினியின் கடவுச்சொல்லை மனிதர் அறிவதில்லை. இயல்பு அமைப்பில் 30 நாள்களுக்கு ஒருமுறை கணினியே அதனை மாற்றிக்கொள்கிறது.

இணைந்த கணினி, களத்தின் கணினிகள் அனைத்தையும் உள்ளடக்கிய பொதுக்குழுவில் தானாகவே சேர்க்கப்படுகிறது. நிறுவனம் தன் தேவைக்கென உருவாக்கிய குழுக்களில் அது தானாகச் சேர்வதில்லை. வேறிடம் குறிக்கப்படாவிடில், கணக்கு ‘கம்ப்யூட்டர்ஸ்’ என்னும் பொதுக்கொள்கலனில் வைக்கப்படுகிறது. இக்கொள்கலனோடு குழுக்கொள்கைகளை நேரடியாக இணைக்க இயலாது. ஆதலால் எவரும் கவனியாத புதிய கணினி, நிறுவனத்தின் சிறப்புக் கட்டுப்பாடுகள் பல இன்றியே இயங்கத் தொடங்கும். மேலும், இயல்பு அமைப்பில் களத்தின் பயனர் எவரும் 10 கணினிகள் வரை இணைக்க இசைவுண்டு. இவ்விசைவைச் சுழியமாக்குவதும், புதிய கணக்குகள் கட்டுப்பாடு மிகுந்த ஓர் அலகில் சென்று சேருமாறு இயல்பிடத்தை மாற்றுவதும் தானியக்கத்திற்கு முன் செய்ய வேண்டிய அடிப்படைப் பணிகள்.

5. தானியக்க வழிமுறைகள்

புதிய கணினியை உரிய குழுவில் சேர்க்கும் வழிகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, முன்பதிவு. கணினி வந்து சேரும் முன்னரே அதன் கணக்கை உரிய அலகில் உருவாக்கி, குழுவிலும் சேர்த்து வைத்தல். கணினி பின்னர் வந்து தனக்கென ஆயத்தமாக உள்ள கணக்கை ஏற்றுக்கொள்கிறது.

இரண்டாவது, நிறுவும்போதே சேர்த்தல். இயங்குதளத்தை ஏற்றும் பணிவரிசையின் இறுதிப்படியாக, கணினியைக் குழுவில் சேர்க்கும் நிரல் ஒன்று இயங்குகிறது. இதில் ஓர் இடர் உண்டு. குழுவை மாற்றும் அதிகாரமுடைய கணக்கின் கடவுச்சொல் நிறுவும் நிரலுக்குள் பொதிந்திருந்தால், அந்நிரலைப் படிக்க இயன்ற எவரும் அவ்வதிகாரத்தைக் கவரலாம். ஆகவே கணினி வேண்டுகோளை மட்டும் அனுப்ப, தனியே காக்கப்பெற்ற ஒரு வழங்கி அதனைச் சரிபார்த்துச் சேர்ப்பதே தக்கது.

மூன்றாவது, நிகழ்வும் காலமுறையும். கணினிக் கணக்கு உருவாகும்போது, தணிக்கை இயக்கப்பட்டிருந்தால், களக் கட்டுப்பாட்டுக் கணினியில் 4741 என்னும் எண்ணுடைய நிகழ்வு பதிவாகிறது. அதனைத் தூண்டலாகக் கொண்டு பவர்ஷெல் நிரலை இயக்கலாம். மாறாக, குறித்த இடைவெளியில் இயங்கும் நிரல், அலகில் உள்ள கணினிகளையும் குழுவில் உள்ள கணினிகளையும் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்த்து மிகைப்பட்டவற்றை நீக்கலாம். நிகழ்வுவழி முறை விரைவானது. ஆயின் ஒரு நிகழ்வு தவறினால் அக்கணினி என்றைக்குமாக விடுபடும். காலமுறை ஒப்பீடு தாழ்ந்து செயல்படினும் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். ஒன்றே தேர்ந்தெடுக்க வேண்டின் பின்னதே ஏற்றது.

நான்காவது, விதிவழிக் குழு. இங்குக் குழுவின் உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் குறியாமல், உறுப்புரிமைக்குரிய விதி மட்டும் எழுதப்படுகிறது. முன்னர் அஜூர் ஏடி என வழங்கிய மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடியில், சாதனத்தின் பண்புகளை விதியோடு ஒப்பிட்டு அடைவே சேர்க்கிறது. பண்பு மாறினால் நீக்கவும் செய்கிறது. ஃப்ரீஐபிஏவில் கணினியின் பெயர் போன்ற பண்பு குறித்த வடிவத்தோடு பொருந்தினால் சேர்க்கும் விதியையும், பொருந்தினால் விலக்கும் விதியையும் எழுதலாம். இரண்டும் முரண்படின் விலக்கும் விதியே வெல்லும். எவ்விதிக்கும் உட்படாதவற்றிற்கென ஓர் இயல்புக் குழுவையும் குறிக்கலாம். எனினும் இவ்விதிகள் புதிய பதிவுகளுக்கே தாமாகச் செயற்படும். முன்பே உள்ளவற்றிற்குத் தனி ஆணையால் மறுகணிப்புச் செய்ய வேண்டும்.

6. உறுப்புரிமைக்குச் சான்று எது?

மேற்கண்ட வழிகள் அனைத்திலும் ஒரு முடிவு செய்யப்படுகிறது: இக்கணினி இக்குழுவிற்கு உரியது. அம்முடிவிற்கு ஆதாரமாவன பெயர், இடம், பண்பு, கொணர்ந்தவர் என்னும் நான்கு.

பெயரைச் சான்றாகக் கொள்வதே பரவலான வழக்கம். ‘நூலகம்-07’ எனப் பெயருள்ள கணினியை நூலகக் குழுவில் சேர்ப்பது எளிது. ஆனால் பெயர் என்பது கணினி தன்னைப்பற்றித் தானே கூறும் கூற்று. பெயரிடும் வாய்ப்புள்ள எவரும் ‘நூலகம்-99’ என்று பெயரிட்டு அக்குழுவின் உரிமைகளைப் பெறக்கூடும்.

இவ்வச்சம் கற்பனையன்று. 2021 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்ட இரு பாதுகாப்புக் குறைகள் இதனை மெய்ப்பித்தன. ஆக்டிவ் டைரக்டரியில் கணினிக் கணக்கின் உட்பெயர் டாலர் குறியில் முடிவது மரபு. அம்மரபு கண்டிப்பாகச் சரிபார்க்கப்படவில்லை. சாதாரணப் பயனர் ஒருவர் தமக்குள்ள பத்துக் கணினி இசைவைக் கொண்டு ஒரு கணக்கை உருவாக்கி, அதற்குக் களக் கட்டுப்பாட்டுக் கணினியின் பெயரையே டாலர் குறியின்றி இட்டு, அனுமதிச்சீட்டுப் பெற இயன்றது. பின்னர் அப்பெயரை மாற்றிவிட்டு அச்சீட்டைக் காட்டி அடுத்த சீட்டைக் கோரினால், முன்பெயரைக் காணாத அடைவு தானே டாலர் குறியைச் சேர்த்துத் தேடி, உண்மையான கட்டுப்பாட்டுக் கணினிக்குரிய சீட்டை வழங்கியது. பெயரொப்புமை ஒன்றால் களம் முழுவதும் பறிபோகும் நிலை உருவாயிற்று.

பழைய பெயரைப் புதிய கணினிக்கு இடுவதும் ஆராயத்தக்கது. இருக்கும் கணக்கை மீண்டும் பயன்படுத்தினால் அதன் குழு உரிமைகள் அனைத்தும் புதிய கணினிக்கு மரபுரிமையாக வந்துசேரும். பழுதுபார்த்த கணினிக்கு இது நன்மை. பெயரைக் கைப்பற்றிய அயற்கணினிக்கு இது வாயில். 2022 அக்டோபர் இற்றைப்படுத்தலுக்குப் பின், கணக்கை முதலில் உருவாக்கியவரோ தக்க அதிகாரம் உடையவரோ அல்லாதார் அதனை மீண்டும் பயன்படுத்துவது தடுக்கப்பட்டது. பெயரோடு கொணர்ந்தவரும் சான்றாக வேண்டும் என்பதே இம்மாற்றத்தின் சாரம்.

அலகு என்னும் இடம் பெயரைவிட வலிய சான்று. கணக்கை ஓர் அலகில் வைக்கும் அதிகாரம் கணினிக்கு இல்லை. அதற்கென அமர்த்தப்பட்ட நிர்வாகிக்கே உண்டு. பண்பைப் பொறுத்தவரை, அதனை எழுதுபவர் யார் என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கும். கொள்முதல் பதிவேட்டிலுள்ள தொடர் எண்ணோடு ஒப்பிட்டு நிர்வாகி எழுதிய பண்பு நம்பத்தக்கது. கணினி தானே எழுதிக்கொள்ளும் பண்பு பெயரைப் போன்றதே. ஆகவே உரிமை தரும் குழுவிற்குப் புறச்சான்று இன்றியமையாதது. கட்டுப்படுத்தும் குழுவிற்குப் பெயரே போதும். கட்டுப்பாட்டை வலியப் பொய் சொல்லிப் பெறுவார் இலர். ஆனால் பெயரை மாற்றிக் கட்டுப்பாட்டிலிருந்து தப்புவார் இருப்பர். ஆதலால் விதிக்குள் அடங்காத எதனையும் கட்டுப்பாட்டிற்குள் வைப்பதே இயல்புநிலையாக இருத்தல் வேண்டும்.

7. சேர்க்கைக்கும் பயனுக்கும் இடையிலான காலம்

அடைவில் சேர்க்கப்பட்ட உடனேயே கணினி குழுவின் உறுப்பாகச் செயற்படும் எனக் கருதுவது பிழை. கணினி இயங்கத் தொடங்கும்போது கெர்பரோஸ் முறைப்படி பெறும் அனுமதிச்சீட்டில் அப்போதைய குழுக்களே குறிக்கப்பட்டிருக்கும். பின்னர்ச் சேர்த்த குழு அச்சீட்டில் இராது. கணினியை மீளத் தொடக்கினாலோ பழைய சீட்டை நீக்கினாலோ மட்டுமே புதிய உறுப்புரிமை உடனே பயன்படும். சீட்டின் இயல்பான ஆயுள் 10 மணி நேரம். குழுக்கொள்கைகள் பின்னணியில் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, 30 நிமிடம் வரையிலான மாறு இடைவெளியுடன் புதுப்பிக்கப்படுகின்றன. பல கட்டுப்பாட்டுக் கணினிகள் உள்ள வலையமைப்பில், ஒன்றில் செய்த மாற்றம் மற்றவற்றைச் சென்றடையவும் நேரம் வேண்டும். ஆதலால் நிறுவும் பணிவரிசையில் குழுச்சேர்க்கை இறுதி மீளத்தொடக்கத்திற்கு முன் அமைய வேண்டும். இவ்வொழுங்கு அறியாதார், நிரல் சரியாக இருந்தும் பிழையுடையதெனக் கருதி அதனைத் திரும்பத் திரும்ப மாற்றி உழல்வர்.

8. பாடு முறையோடு ஒப்பீடு

பழவேற்காட்டு ஊர்களில் உறுப்பினராகும் ஆண் தன்னைத் தானே உறுப்பினன் என்று அறிவித்துக்கொள்வதில்லை. ஊர் அவனை அறியும். தலைக்கட்டாகக் கணக்கில் ஏறி ஊர் வரி செலுத்தும் நிலை, ஊரார் முன்னிலையில் உறுதிப்படும் நிலையாகும். கணினி அடைவின் மொழியில் கூறினால், இது தன்கூற்றை ஏற்காமல் புறச்சான்றைக் கோரும் முறை. முறை வைத்துப் பங்கிடுவதால் பட்டியல் அடிக்கடி எல்லார் முன்பும் படிக்கப்படுகிறது. எனவே விடுபாடும் மிகையும் மறைந்து கிடப்பதில்லை. இது காலமுறை ஒப்பீட்டிற்கு நிகரானது.

வேறுபாடுகளும் கருதத்தக்கவை. பாடு உரிமையின் விதி பிறப்பையும் ஊரையும் சார்ந்தது. அவ்வேரியை நம்பி வாழும் பிற சமூகத்தார்க்கு அப்பட்டியலில் இடமில்லாமையால் உரிமைப் பூசல்கள் எழுந்துள்ளன. விதி தெளிவாக இருப்பதும் விதி நேரியதாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று. பட்டியலில் இல்லாத மனிதர் ஊரிடமோ அரசிடமோ முறையிட இயலும். குழுவில் இல்லாத கணினி முறையிடாது. அதன் முன் அமர்ந்திருக்கும் மாணவரே இழப்பை அடைவார். காரணம் அவருக்குப் புலப்படாது. எனவே தானியக்க விதியை எழுதுவோர், எவ்விதிக்கும் பொருந்தாத கணினிகளின் பட்டியலை நாள்தோறும் ஒரு மனிதரின் பார்வைக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் உடன் செய்தாக வேண்டும். கணினியின் சார்பாக முறையிடும் வாய் அதுவே.

மற்றொன்று நீக்கம். உரிமை பெற வேண்டியவர் விடுபட்டால் குரல் எழும். நீங்க வேண்டியவர் தொடர்ந்தால் அவர் குரல் எழுப்பார். கணினிகளிலும் அவ்வாறே. கழித்துக் கட்டப்பட்ட கணினியின் கணக்கு அடைவில் நீடித்தால், அப்பெயரையும் உரிமையையும் பிறர் பயன்படுத்த இடமுண்டு. 30 நாள் கடவுச்சொல் மாற்றம் இங்கு உதவுகிறது. நெடுங்காலமாகக் கடவுச்சொல்லை மாற்றாத கணக்கு, பயன்பாட்டில் இல்லாத கணினியைச் சுட்டும். அத்தகையவற்றை முதலில் முடக்கி, சிறிது காலம் பார்த்து, பின்னர் நீக்குவது முறை. விடுமுறையில் அணைத்து வைக்கப்பட்ட ஆய்வகக் கணினிகளும் இவ்வாறே தோன்றும் ஆதலின், உடனடி நீக்கம் தவிர்க்கத்தக்கது.

9. முடிவுரை

புதிய கணினியை அடைவுக் குழுவில் தானாகச் சேர்ப்பது சில வரி நிரலால் முடியும் பணியே. ஆயினும் அவ்வரிகளில் ஒரு நிறுவனம் யாரை நம்புகிறது, எதனை நம்புகிறது என்பது எழுதப்படுகிறது. இவ்விளக்கத்தால் பெறப்படுவன வருமாறு: கையால் சேர்ப்பதன் பெருங்குறை, கட்டுப்படுத்தும் குழுக்களில் நேரும் ஓசையற்ற விடுபாடு. உரிமை தரும் குழுக்களுக்குக் கணினியின் பெயர் போதிய சான்றாகாது. கொணர்ந்தவரும் வைக்கப்பட்ட இடமும் கொள்முதல் பதிவும் உடன் நிற்க வேண்டும். நிகழ்வுவழிச் சேர்க்கையைக் காலமுறை ஒப்பீடு தாங்க வேண்டும். சேர்க்கைக்கு விதி எழுதும்போதே நீக்கத்திற்கும் விதி எழுதப்பட வேண்டும். பொருந்தாதவற்றை ஒரு மனிதர் காண வேண்டும்.

பழவேற்காட்டில் முகத்துவாரம் மணலால் தூர்ந்தும் இடம் பெயர்ந்தும் வரும்போது வலையிடும் இடங்களும் மாறுகின்றன. பாடும் அதற்கேற்ப மீண்டும் வகுக்கப்பட வேண்டியதாகிறது. நிறுவனங்களிலும் துறைகள் பிரிகின்றன, ஆய்வகங்கள் இடம் மாறுகின்றன, பெயரிடும் மரபுகள் திரிகின்றன. நேற்றைய அமைப்பிற்கு எழுதிய விதி இன்று பிழையான கணினியைச் சேர்க்கும். அதனையும் பிழையின்றி, தவறாமல், தானாகவே செய்யும். ஆகவே விதியை இயற்றியவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனை மீளப் படித்தல் தானியக்கத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட வேண்டும்.